காமன் பொட்டல்

தப்பை அடிப்பதற்கு முன் அதைக் காய்ச்ச வேண்டும். மாசி மாத இரவில் இலங்கையின் நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து பனி இறங்கி, தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயத்துத் தகரங்களை நனைத்துக்கொண்டிருக்கும். தப்புக்காரர்கள் காய்ந்த சருகையும் சுள்ளியையும் கூட்டி ஓரமாகத் தீ மூட்டுவார்கள். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை அந்த அனலில் காட்டுவதும் எடுப்பதும் திருப்புவதுமாக இருப்பார்கள். நடுநடுவே விரலால் ஒரு தட்டு. ஒலி அமுங்கி வந்தால் மறுபடியும் அனலுக்குப் போகும். தெறித்து எழுந்தால் தப்பு தயார்.

அந்த விரல் தட்டுக்குள் நல்ல இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். ஈரக் காற்றிலுள்ள நீர் இந்த நார்களுக்கிடையே புகுந்து தோலைத் தளர்த்திவிடுகிறது. அனல் பட்டதும் நீர் வெளியேறுகிறது, தோல் சுருங்கப் பார்க்கிறது. சட்டம் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் இழுவிசை ஏறுகிறது, சுருதியும் கூடவே ஏறுகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. சுருதி இரண்டு மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். கொஞ்சம் கூடுதல் ஒலிக்கு ஆசைப்பட்டு அனலில் வைத்திருந்தால் தோல் கிழிந்துவிடும். கிழிவதற்கு எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பது தப்புக்காரரின் விரலுக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்களில் இரண்டாவது, முதலாவதைப் போல் 1.59 மடங்கு, மூன்றாவது 2.14 மடங்கு. முழு எண்களாக இல்லாததால் அந்த ஒலியில் பாடகர் பிடித்துக்கொள்ளக்கூடிய சுரம் எதுவும் நிற்பதில்லை. மிருதங்கத்தின் நடுவிலுள்ள கரணை இந்தக் குறையைச் சரிசெய்து சுரத்தைக் கொண்டுவருகிறது என்பதைத்தான் சர் சி. வி. ராமன் ஆராய்ந்து காட்டினார். தப்பில் கரணை இல்லை. சுரம் கிடையாது, ஆனால் ஒவ்வொரு அடியும் எந்தக் கணத்தில் விழுந்தது என்பதில் ஐயமே இராது. நூறு பேர் ஒரே கணத்தில் கால் எடுத்து வைக்க வேண்டுமானால் அவர்களுக்கு வேண்டியது இப்படிப்பட்ட வாத்தியம்தான்.

இந்த வாத்தியத்துக்குத் தோட்டத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. விடிவதற்கு முன் தப்பு அடித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். தூக்கம் கலையாத பிள்ளையை லயத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெயரைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவார்கள். பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பாலஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்த நெடுங்கவிதை இந்த விடியற்காலை ஒலியை அறியும். பகலில் உழைப்பை ஒழுங்குபடுத்திய அதே தோல்தான் காமன் கூத்து நடக்கும் மாசி இரவில் அதே மனிதர்களை இந்திரனாகவும் சிவனாகவும் ரதியாகவும் எழுப்பி ஆட வைத்தது. ஒரு சமூகம் தன்னைத் தானே எப்படி உருவாக்கிக்கொள்கிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த நல்ல விடைகளில் ஒன்று இந்த இரவில் இருக்கிறது.

மாத்தளை நகரிலிருந்து கிழக்கே போனால் இரத்தோட்டை. அங்கிருந்து ஒரு பாதை ரிவஸ்டன் பக்கம் ஏறுகிறது, இன்னொன்று கம்மடுவைப் பக்கம் போகிறது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர், கொக்கோ, மிளகு. ஏற ஏறத் தேயிலை. காட்டோரத்தில் ஏலம். இந்தத் தோட்டங்களில் வாழும் தமிழர்களின் முன்னோர் கோப்பிக் காலத்தில் வந்தவர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். பலர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தார்கள். 2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சுமார் 250 கிலோமீட்டர் நடைபயணம் ஒன்று நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. மலைநாட்டுக்குள் நுழையும் வாசலாக மாத்தளை இருந்ததால்தான் அந்த நடை அங்கே முடிந்தது.

அப்படி நடந்து வந்தவர்கள் தலையில் சுமந்து வந்த பொருள்கள் கொஞ்சம். பாட்டும் ஆட்டமும் கதையும் சுமையே இல்லாமல் கூட வந்தன. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து என்ற மூன்றும் தோட்டங்களில் வேர் பிடித்தன. அவற்றில் காமன் கூத்து மிக ஆழமாகப் போயிற்று. சோழநாட்டுப் பக்கம் காமன் பண்டிகையாக இருந்தது, இங்கே ஒரு தோட்டம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும் பெருநிகழ்வாக விரிந்தது. மாத்தளை வடிவேலன் ‘மலையகப் பாரம்பரியக் கலைகள்’ என்ற நூலில் இத்தகைய கலைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் காமன் ஊன்றுவார்கள். கோயிலுக்கு அருகிலோ லயத்துக்கு முன்னாலோ உள்ள வெறுந்தரையைச் செதுக்கிச் சாணம் தெளித்துச் சுத்தமாக்குவார்கள். குழி தோண்டி, ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் கட்டிய கம்பத்தை நடுவார்கள். அந்தத் தரைக்குக் காமன் பொட்டல் என்று பெயர். நேற்றுவரை பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடிய இடம், இன்றிலிருந்து செருப்போடு மிதிக்கக்கூடாத இடம். வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். ஒவ்வோர் இரவும் கம்பத்தைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். முழுநிலவை ஒட்டிய நாளில் விடியவிடியக் கூத்து.

கதை தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறான். தவம் கலைந்தால்தான் அசுரரை அழிக்கப் பிள்ளை பிறக்கும். இந்திரன் ஓலை அனுப்பி மன்மதனை ஏவுகிறான். புது மணப்பெண்ணான ரதி தன் கெட்ட கனவைச் சொல்லிப் போகவேண்டாம் என்று மன்றாடுகிறாள். மேலிடத்து உத்தரவை மீற முடியாமல் அவன் போகிறான், எரிகிறான். இந்தக் கதையை யாரிடம் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். எங்கிருந்தோ ஓலை வரும், போகாதே என்று அழுகிற பெண்ணை விட்டுவிட்டுப் போக வேண்டும், போன ஆள் திரும்பமாட்டான். கோப்பிக் காட்டுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த காலத்தை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் புராணம் வேறு இல்லை. ரதியின் ஒப்பாரியில் பொட்டலே அழும். அது மன்மதனுக்காக மட்டும் அழுத அழுகை என்று நான் நினைக்கவில்லை.

இப்போது அறிவியலுக்கு வருவோம். சேர்ந்து ஆடினால் மனிதர்கள் நெருங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் நெருங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. சேர்ந்து நடந்து பொட்டலுக்கு வந்ததாலா, ஒரே கதையை நம்புவதாலா, உடம்பு களைத்ததாலா, கால்கள் ஒரே தாளத்தில் விழுந்ததாலா? இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரேசிலில் 264 பள்ளி மாணவர்களைக் கொண்டு இதைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலரை ஒரே அசைவுகளை ஒரே நேரத்தில் ஆட வைத்தார்கள், சிலரை ஆளுக்கொரு விதமாக ஆட வைத்தார்கள். சிலருக்குக் களைக்கக் களைக்க ஆட்டம், சிலருக்கு உட்கார்ந்தபடி கை அசைவு மட்டும். பின்பு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கையில் கட்டி இறுக்கி, எவ்வளவு இறுக்கத்தில் வலி பொறுக்க முடியாமல் போகிறது என்று பார்த்தார்கள். மூளை எண்டோர்பின் என்ற தன் சொந்த வலிநிவாரணியைச் சுரந்தால் வலி பொறுக்கும் எல்லை உயரும், அதனால் இது அந்தச் சுரப்புக்கு மறைமுகமான அளவுகோல். களைப்பு தனியாகவும் அந்த எல்லையை உயர்த்தியது, ஒருங்கிசைவு தனியாகவும் உயர்த்தியது. இரண்டும் தம் தம் பங்குக்கு உடன் ஆடியவர்களிடம் நெருக்கத்தையும் கூட்டின. 2015இல் இந்த முடிவு வெளிவந்தது. இரவு முழுவதும் ஆடும் கூத்தில் களைப்பும் உண்டு, ஒருங்கிசைவும் உண்டு. பகலெல்லாம் கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் தூக்கிய உடம்பு விடியும்வரை எப்படி ஆடுகிறது என்று வியப்பவர்களுக்கு, ஆடுவதால்தான் அந்த உடம்பு தாங்குகிறது என்ற விடையும் இதற்குள் இருக்கிறது.

ஆடாமல் வெறுமனே உட்கார்ந்து பார்ப்பவர்கள்? ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தீமிதி நடக்கும். ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு கனலில் நடப்பார்கள். ஆய்வாளர்கள் மிதிப்பவர்களின் நெஞ்சிலும் பார்ப்பவர்களின் நெஞ்சிலும் இதயத் துடிப்பைப் பதியும் கருவிகளைக் கட்டினார்கள். மிதிப்பவரின் துடிப்பும், ஓரமாக உட்கார்ந்திருந்த அவருடைய உறவினர் நண்பரின் துடிப்பும் ஒரே விதமாக ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூராரின் துடிப்பு அப்படிச் செய்யவில்லை. 2011இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ரதி வேடம் கட்டியவரின் தாயும் தங்கையும் பொட்டலின் ஓரத்தில் முந்தானையை வாயில் வைத்து உட்கார்ந்திருக்கும் காட்சிதான் கண்முன் வந்தது. கூத்தில் பார்வையாளர் என்று தனியாக ஒரு சாதி இல்லை. உறவு இருக்கும் இடத்தில் இதயமும் ஆடுகிறது.

தாயின் மடியில் தூங்கும் பிள்ளை கூடக் கணக்கில் உண்டு. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் தாளத்தைக் கேட்க வைத்து மூளை அலைகளைப் பதிந்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. தாளத்தில் விழ வேண்டிய முக்கிய அடி விழாமல் விட்டபோது, எதிர்பார்த்தது வரவில்லை என்பதற்கான அலையைக் குழந்தையின் மூளை எழுப்பியது. அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்கும் திறனோடுதான் பிறக்கிறோம். எந்தத் தாளத்துக்குக் காத்திருப்பது என்பதைத்தான் ஊர் சொல்லிக்கொடுக்கிறது.

நம்மவர்களை வைத்தே நடந்த ஆய்வும் இருக்கிறது. மொரிஷியஸ் தீவுக்குக் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. தைப்பூசக் காவடி இன்றும் அங்கே பெருவிழா. கிரேக்கரான டிமிட்ரிஸ் ஸிகலாட்டஸும் உடன் ஆய்வாளர்களும் அலகு குத்திக் காவடி எடுத்து மலையேறி வந்தவர்களிடமும் அவர்களோடு நடந்தவர்களிடமும் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, விரும்பினால் அதில் ஒரு பகுதியை யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குத் தரலாம் என்றார்கள். சாதாரணக் கூட்டு வழிபாட்டுக்குப் பின் தந்தவர்களைவிட இவர்கள் மிகக் கூடுதலாகத் தந்தார்கள். காவடி எடுத்தவர்களைவிட உடன் நடந்தவர்கள் தந்ததுதான் அதிகம், கூட்டு வழிபாட்டுக்குப் பின் தரப்பட்டதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு இதைவிடப் பெரியதாகத் தோன்றியது இன்னொரு முடிவு. உங்களை இந்து என்று உணர்கிறீர்களா, மொரிஷியஸ்காரர் என்று உணர்கிறீர்களா என்று கேட்டபோது, காவடியில் பங்கேற்றவர்களிடம் நாட்டவர் என்ற உணர்வு கூடியிருந்தது. தன் சடங்கை முழு மனத்தோடு செய்கிறவன் தன் கூட்டத்துக்குள் சுருங்கிவிடுவான் என்று பலரும் அஞ்சுகிறார்கள். 2013இல் வந்த இந்தத் தரவு அதற்கு எதிர்த்திசையைக் காட்டுகிறது. சொந்தத் தாளம் இருப்பவர்களால் அடுத்த வட்டத்துக்குத் தயக்கமின்றிப் போக முடிகிறது.

மலையகத் தமிழருக்கு இந்த ‘நாட்டவர்’ என்ற சொல் எளிதாகக் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரைநூற்றாண்டுக்கும் மேலாக ஓர் அரசாங்கக் கடதாசியும் இவர்களில் பலருக்கு ‘நீ இன்னார்’ என்று உறுதியாகச் சொல்லவில்லை. அந்தக் காலம் முழுவதும் மாசி பிறந்தால் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். பெரட்டில் அரைப்பேர் வாங்கிய ஆள் இரவில் இந்திரனாக நின்றார், ஊர் அவரை இந்திரனாகவே பார்த்தது. கடதாசி தராததைப் பொட்டல் தந்தது என்று சொன்னால் மிகைபோல் ஒலிக்கலாம். லயத்தில் வளர்ந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பொட்டல் என்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். தோட்டத்தில் மற்ற இடங்கள் எல்லாவற்றுக்கும் எசமான் உண்டு. மலை துரைக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவம் கணக்கப்பிள்ளைக்கு, பெரட்டுக் களம் கங்காணிக்கு. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை மட்டும்தான் ஓரளவு பெண்களுடையது. இந்த வரைபடத்தில் யாருடைய கண்காணிப்புக்கும் உட்படாமல், எல்லோரும் ஒருவரையொருவர் முகம் பார்த்து உட்காரக்கூடிய இடம் எது என்று தேடினால் கோயில் முன்றிலும் காமன் பொட்டலும்தான் மிஞ்சும். நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல், வீடும் வேலையிடமும் அல்லாத மூன்றாவது இடம் ஒன்று இல்லாமல் சமூகம் நிற்காது என்று வாதிட்டார். அவர் மனத்தில் இருந்தவை கோப்பிக் கடைகளும் முடி திருத்தகங்களும். தோட்டத்தில் மூன்றாவது இடத்தை யாரும் கட்டித் தரவில்லை. தொழிலாளர்கள் வெறுந்தரையில் ஒரு கம்பத்தை நட்டு அதை ஆண்டுதோறும் உண்டாக்கினார்கள்.

அங்கே மேடை கிடையாது. வட்டமாக உட்காருவார்கள், ஆட்டம் நடுவில். மேடைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தால் முன்னிருப்பவரின் பிடரிதான் தெரியும். வட்டத்தில், ஆடுபவரைத் தாண்டி எதிரே இருப்பவரின் முகம் தெரியும். அவர் அழுவதைப் பார்த்து நாமும் அழுகிறோம், அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

கலை இருக்கிறது, இடம் இருக்கிறது. இந்த இரண்டும் அடுத்த தலைமுறைக்குப் போக ஓர் ஆள் வேண்டும். அவர்தான் காமன் கூத்து வாத்தியார். மட்டக்களப்பில் அண்ணாவியார் என்று சொல்லும் ஆளுக்கு இங்கே வாத்தியார், சில இடங்களில் மாஸ்டர். அவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராக இருக்க வேண்டியதில்லை. பகலில் கவ்வாத்து வெட்டுகிறவராகவோ இறப்பர் பால் எடுக்கிறவராகவோ இருக்கலாம். முழு இரவுக்குமான பாட்டும் தருவும் அடவும் அவர் நினைவிலும் ஒரு பழைய கொப்பியிலும் இருக்கும்.

அவர் எப்படிப் படிப்பிக்கிறார் என்பதைக் கவனித்தால் ஒரு வரிசை தெரியும். சின்னப் பையனுக்கு முதல் வேலை வெளிச்சம் பிடிப்பது. முன்பு தீப்பந்தம், பிறகு பெற்றோமாக்ஸ். நடுவட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் எல்லாம் காதில் விழும், கண்ணில் படும். அடுத்த ஆண்டு பின்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து அடியை வாங்கிப் பாடுவான். பிறகு தூதன். தூதனுக்கு ஆட்டம் கூடுதல், வசனம் குறைவு. கால் நின்றபின் வாய்க்கு வேலை வரும். குரலும் முகமும் இசைந்தால் ஒருநாள் ரதி. ஆண்கள்தான் ரதி கட்டுவார்கள். வயது ஏறி உடம்பு கனத்தால் சிவன், எமன். அதற்குப் பிறகு சிலர், மிகச் சிலர், வாத்தியார்.

ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களோடு இருந்து பார்த்தார். அங்கே பாடம் தலைகீழாக நடந்தது. முதலில் பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது. அதாவது சட்டை முடியும் கட்டத்து வேலை. அடுத்துத் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. துணியை வெட்டுவதுதான் கடைசி. பொத்தானில் பிழை விட்டால் பிரித்துத் தைக்கலாம், வெட்டில் பிழை விட்டால் துணி போயிற்று. அதோடு, முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பது பையனுக்கு முதல் நாளே கையில் கிடைத்துவிடுகிறது. லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் எழுதிய நூலில், கற்றல் என்பது மண்டைக்குள் செய்திகள் சேர்வது மட்டுமல்ல, ஓர் ஆள் ஒரு கூட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்ல நடுவுக்கு நகர்ந்து வேறோர் ஆளாவது என்று இதிலிருந்து ஒரு கோட்பாட்டை எடுத்தார்கள். வெளிச்சம் பிடித்த பையன் தூதனாகி ரதியாகி வாத்தியாராவதைப் பார்த்த எந்தத் தோட்டத்துக் கிழவிக்கும் இந்தக் கோட்பாடு புதிதல்ல.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி இல்லாதவன் வெளியே நிற்க வேண்டும். கூத்தில் தேர்ச்சி இல்லாதவனுக்கும் வட்டத்துக்குள் வேலை இருக்கிறது. குரல் இல்லாத பையனுக்கு விறகு பொறுக்கும் வேலை, படிப்பு ஏறாதவனுக்குக் கிரீடத்தில் கண்ணாடித் துண்டு ஒட்டும் வேலை. வாத்தியார் ஒவ்வொருவனையும் பார்த்து, இவனால் தனியாக முடியாது, கூட ஒருவர் நின்றால் முடியும் என்ற அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்துகிறார். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி குழந்தை வளர்ச்சியில் மிக முக்கியமானது என்று சொன்ன இடம் இதுவேதான். பள்ளியில் கடைசி வாங்கில் உட்கார்ந்தவனை ஊர் ‘மன்மதன் கட்டுற பையன்’ என்று சொல்லத் தொடங்கும்போது அவன் நடை மாறிவிடுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, பொட்டலில் எல்லோருக்கும் ஒரே இடம் இருந்தது என்று எழுதினால் அது பொய். தப்பு அடிக்கும் வேலை குறிப்பிட்ட சாதிக்காரர்களின் தலையில் கட்டப்பட்டிருந்தது. கூத்தைத் தாங்கிய தோலை அடித்தவர்கள் பந்தியில் தள்ளி உட்கார வைக்கப்பட்டார்கள். சாவு வீட்டுக்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். இன்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தப்பைத் தொட மறுப்பதை மரபு அழிகிறது என்று குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. பெண்கள் ரதிக்காக அழலாம், ரதியாக நிற்க முடியாது. தோட்டத்தின் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களிலிருந்து வருகிறது. அவர்களுக்கு வட்டத்தின் நடுவில் ஓர் அடியும் ஒதுக்கப்படவில்லை. ஒரு கலை ஒருவரை ‘நீ நம்ம ஆள்’ என்று சொல்லும் அதே பலத்தோடு இன்னொருவரை ‘உன் இடம் அது’ என்றும் சொல்லிவிடும். தாளத்தின் பிணைப்புச் சக்தி நல்லது கெட்டது பார்ப்பதில்லை. வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல் படைவீரர்களின் அணிவகுப்பும் நடனமும் ஒரே பிணைப்பிலிருந்து வருவதை 1995இல் ஒரு நூலில் விரிவாகக் காட்டினார். பெரட்டும் கூத்தும் ஒரே தப்பில் நடந்த இடத்தில் அதைப் புரியவைக்க நூலும் வேண்டாம்.

சங்கிலி அறுந்த கதையும் உண்டு. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக உருவான டான்டீ தோட்டங்களுக்கும் வேறு இடங்களுக்கும் போயின. மன்மதன் ஒரு கரையிலும் ரதி மறுகரையிலுமாகப் பிரிந்த கூத்துச் செட்டுகள் எத்தனையோ. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் மாத்தளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல லயங்கள் காலியாயின. 1977, 1983 வன்செயல்களில் மேலும் பலர் வடக்கே போனார்கள். இப்போது இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். மாசிக்கு விடுமுறை கிடைப்பதில்லை.

பள்ளிக்கூட நாடகப் போட்டிகளில் காமன் கூத்து ஏறுவது எனக்கு மகிழ்ச்சிதான். அங்கே ரதியாகப் பெண்பிள்ளைகளே ஆடலாம், அது பெரிய திருத்தம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது – 1962இல் ‘கர்ணன் போர்’, பிறகு ‘இராவணேசன்’ – விடியவிடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். படித்தவர்கள் கூத்தை ஏறெடுத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஆனால் சுருங்கும்போது முதலில் விழுவது ஓரத்து வேலைகள். மேடையில் மின்விளக்கு இருப்பதால் வெளிச்சம் பிடிக்கும் பையன் வேண்டாம். பின்பாட்டுக்குப் பதிவு செய்த ஒலி போதும். சிறந்தவர்கள் எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்தால் ஆயிற்று. நிகழ்ச்சி நன்றாக அமையும், பரிசும் கிடைக்கும். ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும் பாதை மட்டும் இல்லாமல் போய்விடும். மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் சீலாமுனை மக்களும் 2000களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் கூத்து மீளுருவாக்கம் இதற்கு வேறு வழி காட்டியது. கூத்தை ஊரின் களரியிலேயே வைத்துக்கொண்டு, பெண்ணை இழிவுபடுத்தும் வரிகளையும் சாதிக் கட்டுகளையும் ஊரோடு உட்கார்ந்து பேசியே மாற்றினார்கள். தோட்டத்துக்கும் அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். தப்பு யார் கையிலும் இருக்கலாம், ரதியை யாரும் கட்டலாம். இரவின் நீளத்தைக் குறைக்காமலே இவற்றைச் செய்யலாம்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது தரையைத்தான். லயத்தை உடைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு தரும் திட்டங்கள் 2015இலிருந்து நடக்கின்றன. இருநூறு ஆண்டுக்குப் பிறகு சொந்தமாக ஒரு வாசல். அதைவிட நியாயமான ஒன்று இல்லை, இன்னும் வேகமாக, இன்னும் கூடுதல் காணியோடு நடக்க வேண்டும். ஆனால் லயம் போகும்போது லயத்து முன்னால் இருந்த வெறுந்தரையும் போகிறது. வரைபடத்தில் வீடுகளுக்குக் கோடு போட்டு, பாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடம் விட்டபின், மிஞ்சிய சரிவில் ஒரு மூலையைப் பொது இடம் என்று எழுதிவிடுகிறார்கள். சரிவில் வட்டமாக உட்கார முடியாது. இரத்தோட்டைப் பக்கத்து மலைகளில் சமதரை கிடைப்பது அரிது என்பதால் அதை முதலில் ஒதுக்க வேண்டும், பிறகுதான் வீடுகளுக்கு அளக்க வேண்டும். ஒதுக்கிய அந்தத் துண்டை எந்தச் சங்கத்தின் பெயரிலும் எந்தத் தலைவர் பெயரிலும் எழுதாமல், அங்கே குடியிருப்பவர்கள் அனைவருக்கும் பொதுவாக உறுதியில் எழுதி வைக்க வேண்டும். மாசியில் குழி தோண்ட எந்தக் கந்தோருக்கும் போய்க் கடிதம் வாங்க வேண்டியிராதபடி.